போதும் என்னும் அளவு

வசதியாக வாழ வேண்டும் என்று விரும்புவது குற்றமா? இவ்வினாவை எழுப்பினால் பெரும்பாலோர் உடனே, "இல்லை" என்பர். உழைத்துப் பொருள் ஈட்டிய ஒருவர் நல்ல வீட்டில் குடியிருப்பதும், நல்ல உடை உடுத்துவதும், தம் மக்களுக்கு நல்ல கல்வி அளிப்பதும் அவருடைய உரிமை. இதனை யாரும் மறுப்பதற்கில்லை. ஆனால், அவ்வினாவைச் சற்று மாற்றி, "எவ்வளவு வசதி போதும்?" என்று கேட்டுப் பாருங்கள். விடை அவ்வளவு விரைவில் வாராது. கேட்கப்பட்டவர் சிறிது நேரம் எண்ணுவார். பிறகு, இப்போது தமக்கு இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலான ஓர் அளவைச் சொல்வார். மாதம் 3,000 வெள்ளி ஈட்டுபவர், 5,000 வெள்ளி இருந்தால் போதும் என்பார். 5,000 வெள்ளி ஈட்டுபவரோ 10,000 வெள்ளியைக் குறிப்பிடுவார். "இப்போது இருப்பதே போதும்" என்று சொல்பவரைக் காண்பது அரிது.

இந்த இரண்டாவது வினாவே இக்கட்டுரையின் பொருள். இதனைக் கிறித்தவ வாழ்வை முன்னிறுத்தி ஆராய விரும்புகிறேன். அதற்குக் காரணம் உண்டு. கொள்கைக்கும் நடப்புக்கும் இடையே உள்ள தொலைவு எங்கே மிகுதியாக இருக்கிறதோ, அங்கே வினாவும் தெளிவாகத் தெரியும். மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவர் இயேசுபெருமான். தலை சாய்க்கவும் தமக்கென ஓர் இடம் இல்லை என்று தம் வாழ்வைப் பற்றித் தாமே சொன்னவர். அவருடைய பிறந்தநாள்தான் இன்று உலகின் பல நாடுகளில் கடைக்காரர்களுக்கு ஆண்டின் மிகப்பெரிய அறுவடைக் காலமாக விளங்குகிறது. இதைவிடப் பெரிய முரண் ஒன்றை எங்கே காண்பது?

பிற சமயத்தைச் சேர்ந்த வாசகர்கள் இதனைப் படித்துவிட்டு, "இது நம்மைப் பற்றியது அன்று" என்று விலகி நிற்க வேண்டியதில்லை. நம் நகரத்துப் பேரங்காடிகளுள் ஏதேனும் ஒன்றின் நடுக்கூடத்தை ஓராண்டு முழுவதும் கவனித்து வாருங்கள். தீபாவளிக்கு முன் அங்கே வண்ணக் கோலம் இருக்கும். அதை அழித்த இடத்தில் கிறிஸ்துமஸ் மரம் எழும். மரத்தை அகற்றியவுடன் சீனப் புத்தாண்டின் சிவப்பு விளக்குகள் தொங்கும். நோன்புப் பெருநாள் நெருங்கினால் கெத்துப்பாட் தோரணங்கள் வரும். சிங்கப்பூரில் ஆர்ச்சர்டு சாலை 1984 முதல் கிறிஸ்துமஸ் காலத்தில் ஒளியலங்காரம் பூணுகிறது. அச்சாலை வழிபாட்டுக்குரிய சாலை அன்று, வாணிகத்துக்குரிய சாலை. கடைக்கு எல்லாச் சமயமும் சம்மதமே. எந்தத் தெய்வத்தை வணங்குகிறோம் என்று அது கேட்பதில்லை. என்ன வாங்கப் போகிறோம் என்று மட்டுமே கேட்கிறது.

வறுமை அறம் ஆகாது

முதலில் ஒரு தவறான கருத்தை அகற்றிவிட வேண்டும். எளிமையைப் போற்றப் புகுந்தவர்கள் சிலர் வறுமையையே போற்றத் தொடங்கிவிடுகின்றனர். அது கொடுமை. ரப்பர்த் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் தாய்மார், விடியுமுன் எழுந்து பொதுக் குழாயடியில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்து, அடுப்பூதிச் சமைத்து வைத்துவிட்டு, இருட்டோடு பால்மரக் காட்டுக்குச் சென்றனர். அத்தகைய தாயின் மகள் இன்று வீட்டுக்குள்ளேயே குழாயைத் திறந்து தண்ணீர் பிடிக்கிறாள். துணி துவைக்கப் பொறி வைத்திருக்கிறாள். அவளிடம் சென்று, "வசதி ஆன்மாவுக்குக் கேடு" என்று உபதேசம் செய்ய எவருக்குத் தகுதி உண்டு?

மேலும், "உள்ளதைக் கொண்டு மனநிறைவு கொள்" என்னும் அறிவுரை, பல நாடுகளில் பல காலங்களில், இருப்பவர்கள் இல்லாதவர்களுக்குச் சொல்லி வந்த அறிவுரை. கூலி உயர்வு கேட்டவனை அடக்குவதற்கும் அது பயன்பட்டிருக்கிறது. விவிலியம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. அறுவடை செய்த வேலையாளின் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டால், அக்கூலியே இறைவனை நோக்கிக் கூக்குரலிடும் என்று யாக்கோபின் திருமுகம் செல்வர்களை எச்சரிக்கிறது. ஆகவே, எளிமை என்பது ஒருவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ள வேண்டிய நெறி. பிறர் மீது சுமத்தினால் அஃது அநீதி ஆகிவிடும்.

இயேசுபெருமான் இன்பத்தை வெறுத்தவரும் அல்லர். கானா ஊரின் திருமண விருந்தில் கலந்துகொண்டார். பலருடைய இல்லங்களில் உண்டார். அதனால் போசனப் பிரியர் என்னும் பழிச்சொல்லையும் கேட்டார். பெத்தானியாவில் ஒரு பெண் விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை அவர்மீது ஊற்றியபோது, அதனை வீண்செலவு என்று கண்டித்தவர்களைத்தான் அவர் கடிந்துகொண்டார். ஆகவே, கிறித்தவ நெறி வசதியை வெறுக்கிறது என்று கூறுவது பொருந்தாது. பிறகு, எதனை அது கண்டிக்கிறது?

இரு செல்வர்கள்

லூக்கா நற்செய்தியில் இரு செல்வர்களின் கதைகள் வருகின்றன. அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விடை தெளிவாகும்.

முதல் கதையில் வருபவன் ஒரு நிலக்கிழான். ஓர் ஆண்டு அவனுடைய நிலம் மிகுதியாக விளைந்தது. விளைச்சலை வைக்கக் களஞ்சியத்தில் இடம் போதவில்லை. பழைய களஞ்சியங்களை இடித்துவிட்டுப் பெரியவற்றைக் கட்டவும், பிறகு பல்லாண்டு உண்டு குடித்து மகிழவும் திட்டமிட்டான். அன்றிரவே அவன் உயிர் பிரிந்தது. இக்கதையை ஊன்றிப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். அவன் திருடவில்லை, பொய்க் கணக்கு எழுதவில்லை, எவரையும் ஏமாற்றவில்லை. நல்ல மழையும் நல்ல மண்ணும் தந்த விளைச்சல் அது. ஆயினும், கதை முழுவதும் அவன் தன்னோடுதான் பேசிக்கொள்கிறான். என் விளைச்சல், என் களஞ்சியம், என் பொருள், என் ஆன்மா என்பதைத் தவிர வேறு சொல் அவன் வாயில் வரவில்லை. களஞ்சியத்தில் இடம் இல்லை என்றவுடன், அயலார் வீட்டுப் பானையில் இடம் இருக்கிறதே என்று அவனுக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் கதையில் வருபவன் நாள்தோறும் விலையுயர்ந்த ஆடை உடுத்தி விருந்துண்டவன். அவன் வீட்டு வாயிலில் இலாசர் என்னும் ஏழை, உடலெல்லாம் புண்ணோடு கிடந்தான். செல்வன் அவனை அடிக்கவில்லை, விரட்டவும் இல்லை. ஒவ்வொரு நாளும் அவனைக் கடந்து போனான், அவ்வளவே. இறந்தபின் செல்வன் வேதனைக்குரிய இடத்தில் விழித்துப் பார்க்கும்போதுதான் இலாசரைத் தொலைவில் காண்கிறான். வாழ்நாள் முழுவதும் வாயிலில் கிடந்தவன், இறந்தபின்தான் அவன் கண்ணுக்குத் தெரிந்தான்.

வசதியின் தீமை இங்கேதான் இருக்கிறது. அது நம்மை உடனே கொடியவர்களாக ஆக்கிவிடுவதில்லை. சிறிது சிறிதாகப் பார்வையைக் குறைக்கிறது. குளிரூட்டப்பட்ட அறையின் சாளரத்தை மூடினால் வெப்பத்தோடு சேர்ந்து தெருவின் ஓசையும் வெளியே நின்றுவிடுகிறது. அதுபோல, வசதி பெருகப் பெருகப் பிறர் துன்பம் நம் செவிக்கு எட்டாத தொலைவுக்குப் போய்விடுகிறது. நான்காம் நூற்றாண்டில் செசாரியா நகரின் ஆயராக விளங்கிய பசிலியார், பஞ்சக் காலத்தில் அந்த நிலக்கிழானின் கதையை எடுத்து விளக்கினார். ஒருவன் தன் தேவைக்கு மேல் பூட்டி வைத்திருப்பது உண்மையில் இல்லாதவனின் உடைமை என்பது அவர் கருத்து. அந்நகரின் புறத்தே நோயாளருக்கும் ஏழையருக்கும் அவர் அமைத்த இல்லம் வரலாற்றில் புகழ்பெற்றது. அவர் வேறொரு வகையான களஞ்சியத்தைக் கட்டிக் காட்டினார் எனலாம்.

வெஸ்லியின் கணக்கு

கொள்கையைக் கூறுவது எளிது. கணக்கு எழுதிக் காட்டுவது கடினம். அவ்வாறு கணக்கு எழுதிக் காட்டியவர்களுள் ஒருவர் ஜான் வெஸ்லி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த இவர் 1703-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்து 1791-ஆம் ஆண்டு மறைந்தார். 1787-ஆம் ஆண்டு வெளியிட்ட அருளுரை ஒன்றில், ஆக்ஸ்போர்டில் இருந்த இளைஞர் ஒருவரின் கணக்கை அவர் எடுத்துக்காட்டுகிறார். அவ்விளைஞர் வெஸ்லியே என்பது அவர் வரலாற்றை எழுதியோர் பலரின் கருத்து. முதல் ஆண்டு அவருக்கு வருவாய் 30 பவுண்டு. செலவு 28 பவுண்டு. மிச்சம் 2 பவுண்டை ஏழைகளுக்குக் கொடுத்தார். இரண்டாம் ஆண்டு வருவாய் 60 பவுண்டு ஆயிற்று. செலவு அதே 28, கொடுத்தது 32. மூன்றாம் ஆண்டு வருவாய் 90, கொடுத்தது 62. நான்காம் ஆண்டு வருவாய் 120, கொடுத்தது 92.

இக்கணக்கில் வியப்புக்குரிய எண் எது? கொடுத்த 92 பவுண்டு என்று பலர் நினைக்கலாம். மாறாமல் நின்ற 28 பவுண்டே வியப்புக்குரியது என்பேன். வருவாய் நான்கு மடங்காக உயர்ந்தும் தேவை உயரவில்லை. நம் வாழ்க்கையிலோ, வருவாய் உயர்வதற்கு முன்பே தேவை உயர்ந்துவிடுகிறது. சம்பள உயர்வுக் கடிதம் கைக்கு வருமுன் புதிய காரின் விலையை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

ஆக்ஸ்போர்டில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியையும் வெஸ்லி நினைவுகூர்ந்திருக்கிறார். கடுங்குளிர் நாள் ஒன்றில், அவரும் நண்பர்களும் படிக்க வைத்துக்கொண்டிருந்த ஓர் ஏழைச் சிறுமி அவரைக் காண வந்தாள். மெல்லிய துணியாடை ஒன்றைத் தவிர அவளிடம் வேறு உடை இல்லை. வெஸ்லி பைக்குள் கைவிட்டுப் பார்த்தார். பணம் ஏறக்குறைய இல்லை. சற்றுமுன்தான் தம் அறைச் சுவர்களுக்குப் படங்கள் வாங்கியிருந்தார். இச்சிறுமியைக் குளிரிலிருந்து காத்திருக்கக்கூடிய பணத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோமே என்னும் எண்ணம் அவரை வாட்டியது. படம் வாங்குவது பாவம் அன்று. ஆயினும், ஒவ்வொரு பொருளுக்கும் கடையில் எழுதிய விலை ஒன்று இருப்பதுபோல, எழுதப்படாத விலை ஒன்றும் இருக்கிறது. அப்பணத்தால் வேறு யாருக்கு என்ன செய்திருக்கலாம் என்பதே அந்த இரண்டாவது விலை.

1776-ஆம் ஆண்டு, வீட்டிலுள்ள வெள்ளிப் பாத்திரங்களுக்குக் கணக்குக் காட்டுமாறு வரித் துறையினர் அவருக்கு எழுதினர். அவ்வளவு புகழ்பெற்றவர் மறைத்து வைத்திருப்பார் என்பது அவர்களுடைய ஐயம். இலண்டனில் இரண்டு, பிரிஸ்டலில் இரண்டு என வெள்ளித் தேக்கரண்டிகள் நான்கே தம்மிடம் இருப்பதாகவும், சுற்றிலும் பலர் உணவின்றி வாடும்போது மேலும் வாங்கப் போவதில்லை என்றும் அவர் விடை எழுதினார்.

நெறியே நெறியைத் தின்னுமா?

வெஸ்லி பொருளைப் பற்றி மூன்று விதிகளை வகுத்தார். நேரிய வழியில் இயன்ற மட்டும் ஈட்டுக; இயன்ற மட்டும் சேமிக்க; இயன்ற மட்டும் கொடுக்க. இவ்விதிகளை ஏற்றுக்கொண்ட சுரங்கத் தொழிலாளரும் நெசவாளரும் கைவினைஞரும் குடியை விட்டனர், சூதை விட்டனர், நேரத்தோடு எழுந்து உழைத்தனர். அதன் பயனாக அவர்களுள் பலர் செல்வரும் ஆயினர். செல்வரானபின் என்ன நடந்தது? முதல் இரண்டு விதிகளையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தனர், மூன்றாவதை மறந்தனர். முதுமையில் வெஸ்லி இதனைக் கண்டு பெரிதும் வருந்தினார். 1786-ஆம் ஆண்டு எழுதிய ஒரு கட்டுரையில் அவர் இச்சிக்கலை மறைக்காமல் எடுத்துரைத்தார். உண்மையான சமயம் உழைப்பையும் சிக்கனத்தையும் தோற்றுவிக்கும். உழைப்பும் சிக்கனமும் செல்வத்தைத் தோற்றுவிக்கும். செல்வம் பெருகினால் செருக்கும் உலகப்பற்றும் பெருகிச் சமயம் தேயும். அப்படியானால், சமயம் தன்னைத் தானே தின்றுவிடுமா? மூன்றாவது விதியைக் கைவிடாதிருப்பது ஒன்றே வழி என்பது அவர் கண்ட விடை. செருமானிய அறிஞர் மாக்ஸ் வேபர், சமய ஒழுக்கத்துக்கும் முதலாளியத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் வெஸ்லியின் இந்த எச்சரிக்கையைச் சான்றாக எடுத்துக் காட்டினார்.

இஃது ஏதோ இங்கிலாந்துச் செய்தி என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. அதே மெதடிஸ்ட் இயக்கம் 1885-ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தது. பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டம் அங்கே 1886-ஆம் ஆண்டு ஒரு பள்ளியைத் தொடங்கினார். பிறகு மலாயா எங்கும் மெதடிஸ்ட் பள்ளிகளும் கத்தோலிக்கப் பள்ளிகளும் எழுந்தன. தமிழ்க் குடும்பங்கள் பல, அப்பள்ளிகளின் வழியாகவும் தமிழ்ப்பள்ளிகளின் வழியாகவும் படியேறின. பாட்டன் பால்மரம் வெட்டினான். மகன் எழுத்தரானான் அல்லது ஆசிரியனானான். பெயர்த்தி மருத்துவராகவோ கணக்காய்வாளராகவோ இருக்கிறாள். உழைப்பும் சிக்கனமும் கல்வியும் செய்த நன்மை இது. இதற்காக நாம் பெருமைப்படலாம். ஆனால், வெஸ்லியின் ஐயம் இப்போது நம்மிடமே வந்து நிற்கிறது. பாட்டனிடம் ஒன்றுமில்லாதபோதும் பக்கத்து வீட்டில் சாவு என்றால் அரிசி கொண்டுபோய்க் கொடுத்தான். பெயர்த்திக்குப் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார் என்றே தெரியவில்லை. இடையில் எதை இழந்தோம்?

ஆசீர்வாதமும் வணிகமும்

இன்று சில மேடைகளில் ஒரு புதிய போதனை ஒலிக்கிறது. செல்வம் இறைவன் தந்த ஆசீர்வாதத்தின் அடையாளம். நம்பிக்கை மிகுந்தவனுக்கு வீடும் வாகனமும் வந்து சேரும். காணிக்கை என்னும் விதையை ஊன்றினால் அது பன்மடங்காக விளைந்து திரும்பும் என்பது அப்போதனை. கேட்பதற்கு இனிமையாகவே இருக்கிறது. ஆனால், இதனை ஏற்றுக்கொண்டால் சில கசப்பான முடிவுகளையும் ஏற்க வேண்டும். நோயுற்ற ஏழை நம்பிக்கையற்றவன் என்றாகிவிடும். அவன் வறுமை என்னும் சுமையோடு குற்றவுணர்வு என்னும் சுமையையும் சேர்த்துச் சுமக்க நேரிடும். சிறையில் வாடிய பவுலடியாரும், சிலுவையில் மாண்ட இயேசுபெருமானும் ஆசீர்வாதம் பெறாதவர்கள் என்று சொல்ல நேரிடும். யோபுவின் நூல் முழுவதும், துன்புறுபவன் பாவம் செய்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்று வாதிட்ட நண்பர்களின் கூற்றை மறுப்பதற்கே எழுந்தது அன்றோ?

வெளிப்படையான இப்போதனையைக் காட்டிலும் அமைதியாக நுழையும் பழக்கம் இன்னும் ஆழமானது. ஆலயத்தைத் தேர்ந்தெடுப்பதும் கடையைத் தேர்ந்தெடுப்பதுபோல் ஆகிவருகிறது. கார் நிறுத்த இடம் உண்டா, குளிர்சாதன வசதி உண்டா, இசை நன்றாக இருக்கிறதா, அருளுரை சுருக்கமாக இருக்கிறதா என்றெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். வழிபட வந்தவர் வாடிக்கையாளர் ஆகிவிடுகிறார். ஒரு சபையின் ஆண்டுக் கூட்டத்தில், பழைய மர இருக்கைகளை மாற்றி மெத்தை இருக்கைகள் போடுவதா, அல்லது அத்தொகையைக் கொண்டு சுற்றுவட்டாரத்து ஏழை மாணவர்களுக்கு மாலை நேர வகுப்பு நடத்துவதா என்னும் கேள்வி எழுந்தால் வாக்கு எந்தப் பக்கம் விழும்? மெத்தை இருக்கை கேட்பவர்கள் தீயவர்கள் அல்லர். முதியவர்களுக்கு முதுகுவலி உண்டு என்பதும் மெய்தான். ஆனால், அக்கூட்டத்தில் அம்மாணவர்களுக்கு வாக்கு இல்லை. இலாசர் இப்போதும் வாயிலுக்கு வெளியேதான் இருக்கிறான்.

திருச்சபைகள் இதனை உணராமல் இல்லை. 1974-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கூடிய உலகச் சீர்திருத்தக் கிறித்தவர்களின் உடன்படிக்கை, வசதி படைத்த கிறித்தவர்கள் எளிய வாழ்க்கை முறையை வளர்த்துக்கொள்வது கடமை என்று அறிவித்தது. அதன் தொடர்ச்சியாக 1980-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் எளிய வாழ்வு பற்றித் தனியே ஒரு கலந்தாய்வும் நடந்தது. கத்தோலிக்கத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1991-ஆம் ஆண்டு வெளியிட்ட சுற்றுமடல், நன்றாக வாழ விரும்புவது தவறு அன்று என்று ஏற்றுக்கொள்கிறது. மேலும் சிறந்தவனாக இருப்பதை விட்டுவிட்டு, மேலும் பல வைத்திருப்பதையே நோக்கமாகக் கொண்ட வாழ்க்கைதான் தவறு என்று பிரித்துக் காட்டுகிறது. அறிவிப்புகளுக்குக் குறைவில்லை. அவற்றை வீட்டுக் கணக்கேட்டுக்குக் கொண்டுவருவதுதான் எஞ்சியிருக்கிறது.

இரண்டு மறுப்புகள்

இங்கே இரண்டு மறுப்புகள் எழக்கூடும்.

"மக்கள் பொருள் வாங்குவதைக் குறைத்தால் வாணிகம் படுத்துவிடாதா? தொழிற்சாலைகள் மூடப்பட்டுத் தொழிலாளர் வேலை இழக்க மாட்டார்களா?" என்பது ஒன்று. இது நேர்மையான கேள்வி. பணத்தைப் பூட்டி வைத்தால் அக்கேடு நேரலாம். ஆனால், வெஸ்லியின் மூன்றாம் விதி பூட்டி வைக்கச் சொல்லவில்லை, கொடுக்கச் சொல்கிறது. கொடுத்த பணம் மறைந்துவிடுவதில்லை. அஃது ஓர் ஏழை வீட்டில் அரிசியாகவும் மருந்தாகவும் பள்ளிக் காலணியாகவும் மாறுகிறது. அதனை விற்பவரும் வாணிகரே. அதனைச் செய்பவரும் தொழிலாளரே. மேலும், இன்று நாம் செலவிடும் பணம் நம்முடையதுதானா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் இறுதியில் மலேசியக் குடும்பங்களின் கடன், நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 80 விழுக்காட்டையும் தாண்டியிருந்தது. இதில் வீட்டுக் கடன் பெரும்பகுதி என்பது உண்மை. ஆயினும், கடன் அட்டையிலும் தவணை முறையிலும் சிக்கியோர்க்கு வழிகாட்டுவதற்கென்றே 2006-ஆம் ஆண்டு பேங்க் நெகாரா, ஏ.கே.பி.கே. என்னும் தனி நிறுவனத்தை ஏற்படுத்த வேண்டியதாயிற்று. நாளைய உழைப்பை இன்றே விற்று இன்பம் வாங்குபவர் செழிப்பாக வாழ்கிறார் என்று சொல்ல முடியுமா?

"போதும் என்னும் அளவை யார் வகுப்பது?" என்பது இரண்டாவது மறுப்பு. எல்லோர்க்கும் பொதுவான ஓர் அளவை எவராலும் வகுக்க முடியாது, விவிலியமும் வகுக்கவில்லை. செல்வனான இளைஞன் ஒருவனிடம் உள்ளது அனைத்தையும் விற்றுக் கொடுக்குமாறு இயேசுபெருமான் கூறினார். அவன் வருத்தத்தோடு திரும்பிப் போனான். வரி தண்டுபவனான சக்கேயு, தன் உடைமையில் பாதியைக் கொடுப்பதாகத் தானே முன்வந்தான், அவனை வாழ்த்தினார். வெஸ்லி, முதலில் தனக்கும் தன் குடும்பத்துக்கும் வேண்டிய உணவு, உடை, உறையுள், பிறகு மிகுந்ததைச் சமயத்தாருக்கும் பிறருக்கும் என்று ஒரு வரிசையை வகுத்தார். குடும்பத்தை வாடவிட்டு அறம் செய்ய அவர் சொல்லவில்லை. ஆனால், பிள்ளைகள் வீணடிப்பதற்காகச் செல்வத்தைச் சேர்த்து வைக்க வேண்டா என்றும் எச்சரித்தார். ஆகவே, அளவு ஆளுக்கு ஆள் வேறுபடலாம். அளவே இல்லாமல் வாழ்வதுதான் ஆபத்து. நமக்கு நாமே அளவை வகுத்துக்கொள்ளாவிட்டால், அதனை நமக்காக விளம்பரம் வகுத்துவிடும். பக்கத்து வீட்டுக் கார் வகுத்துவிடும்.

தமிழர்க்கு இக்கருத்து புதியதன்று. உலகாளும் மன்னனுக்கும் காட்டில் திரியும் வேட்டுவனுக்கும் உணவிலும் உடையிலும் தேவை ஒன்றே என்று அளந்து காட்டி, செல்வத்தின் பயன் ஈதலே என்று முடித்தவர் புறநானூற்று நக்கீரனார். வள்ளுவர், எவர்க்கும் பயன்படாத செல்வத்தை எண்ணி வருந்தி 'நன்றியில் செல்வம்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். கொடுத்து வாழும் கடமைக்கு 'ஒப்புரவறிதல்' என்று பெயரிட்டார். தமிழ்க் கத்தோலிக்கர், செய்த பாவத்தை அறிக்கையிட்டு இறைவனோடு மீண்டும் இணையும் திருச்சடங்கையும் 'ஒப்புரவு' என்றே அழைக்கின்றனர். ஊரோடு ஒத்து வாழ்வதற்கும் இறைவனோடு ஒத்து வாழ்வதற்கும் தமிழில் ஒரே சொல் வாய்த்திருப்பது எண்ணி மகிழத்தக்கது. ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை அடைய முடியாது என்பதை அச்சொல்லே நமக்குக் கற்பிக்கிறது.

வகுப்பறையில் நாம்

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் என்ன பங்கு? என் பணிக்காலத்தில், ஆண்டிறுதி வகுப்பு விருந்தின்போது மாணவர் ஒருவருக்கொருவர் பரிசு மாற்றிக்கொள்ளும் வழக்கத்தைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். பரிசின் விலை இவ்வளவு வெள்ளிக்குக் குறையக்கூடாது என்று மாணவர்களே முடிவு செய்வதும் உண்டு. அந்த நாளில் மட்டும் சில பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில்லை. மறுநாள் காய்ச்சல் என்பர். அந்தக் காய்ச்சலின் பெயர் ஆசிரியருக்குத் தெரியும். அன்பின் பெயரால் நடந்த விருந்தில், அன்பு மிகவும் வேண்டியிருந்த பிள்ளைக்கு இடமில்லாமல் போயிற்று. 'பெருநாள்' பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னாலும், வாங்கிய பொருள்களின் பட்டியலைத்தான் பலர் எழுதுகின்றனர்; யாருக்குக் கொடுத்தோம் என்று எழுதும் மாணவர் மிகச் சிலர். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. வீட்டில் கண்டதைத்தானே எழுதுவார்கள்?

மாணவர்க்கு எளிமையைப் பற்றி நீண்ட அறிவுரை கூற வேண்டியதில்லை. விலைக்கு வாங்காத பரிசையே கொண்டுவரலாம் என்று ஒரு விதி செய்தால் போதும். கையால் வரைந்த வாழ்த்து, எழுதிய கவிதை, வீட்டில் வளர்த்த செடி என எல்லாப் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். கணக்குப் பாடத்தில் வரவு, செலவு, சேமிப்பு என்று மூன்று கட்டங்கள் வரைகிறோம். நான்காவதாக 'கொடுத்தது' என்று ஒரு கட்டம் சேர்க்கலாம். அந்தக் கட்டம் ஏட்டில் இருந்தால் அதனை நிரப்ப வேண்டும் என்னும் நினைவாவது ஒரு பிள்ளைக்கு வரும்.

இசுரவேலர் பாலைவனத்தில் நடந்த காலத்தில் வானிலிருந்து மன்னா என்னும் உணவு கிடைத்தது என்று விவிலியம் கூறுகிறது. ஒவ்வொருவரும் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் சேர்க்க வேண்டும் என்பது கட்டளை. பேராசையால் மறுநாளைக்கென்று எடுத்து வைத்தவர்களின் மன்னாவில் புழு நெளிந்தது. ஓய்வுநாளுக்கு முந்திய நாள் சேர்த்த இரட்டைப் பங்கு மட்டும் கெடவில்லை. முன்னேற்பாடு தவறன்று, அளவு மீறியதே கெட்டது. இயேசுபெருமான் தம் சீடர்க்குக் கற்பித்த மன்றாட்டிலும் அன்றாட உணவைத்தான் கேட்கச் சொன்னார். அதையும் 'எனக்கு' என்று கேட்கச் சொல்லவில்லை. 'எங்களுக்கு' என்று கேட்கச் சொன்னார். அந்த 'எங்களுக்கு' என்னும் சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்று எண்ணிப் பார்ப்பவருக்கு, எவ்வளவு வசதி போதும் என்னும் வினாவுக்கு விடை காண்பது கடினமாக இராது.